பிள்ளையாருக்குக் கீழே ஒரு நிலப்பிளவு

சென்னையிலிருந்து வந்த அம்பாசிடர் கார் பாலாற்றங்கரை மேட்டில் நின்றபோது காற்றில் இரண்டு வாசனைகள் கலந்திருந்தன. ஒன்று கற்பூரம். மற்றொன்று ஈரச் சிமெண்டு.

இரண்டையும் நான் எதிர்பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தது புதிதாக வெட்டிய மண்ணின் வாசனையை.

காரிலிருந்து இறங்கிய பேராசிரியர், நிலவியலில் இத்தேசம் மதித்த ஒரு சிலருள் ஒருவர். தலையில் வெள்ளைத் தொப்பி, இடுப்பில் சுத்தியல், கையில் பூதக்கண்ணாடி. ஓய்வு பெறும் வயதில், என் ஒரு சொல்லை நம்பி, சித்திரை வெயிலில் வந்து இறங்கியிருந்தார்.

"எங்கே உங்கள் பிளவு?" என்று கேட்டார்.

நான் கையை நீட்டினேன். நீட்டிய கைக்கு எதிரே, முந்தைய அமாவாசை வரை மார்பளவு ஆழக் குழி இருந்த இடத்தில், அருகம்புல் மாலை அணிந்த பிள்ளையார் ஒருவர் வீற்றிருந்தார்.

பேராசிரியர் தொப்பியைக் கழற்றினார். அது வணக்கத்தினாலா, வியர்வையினாலா என்பதை இன்றுவரை நான் அறியேன்.

என்னை நம்பி வந்தவர்கள் முன் நான் வாயடைத்து நின்ற சந்தர்ப்பங்கள் என் வாழ்வில் இரண்டே. மற்றொன்று என் திருமணம். அதை முன்பே எழுதிவிட்டேன்.

ரசம் குறித்து ஒரு விளக்கம்

சென்ற வாரம் கல்லூரி விடுதியின் ரசத்தைப் பற்றி நான் எழுதியது பழைய மாணவர் சிலரது மனத்தைப் புண்படுத்திவிட்டதாகப் பத்திரிகை ஆசிரியர் தெரிவித்தார். ரசம் அப்படித்தான் இருந்தது. மேலே செல்வோம்.

காஞ்சிபுரத்துச் சைவ நெசவாளர் குடும்பம் எங்களுடையது. அதில் தறியில் அமராமல் கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மை பெருமையாக அமைந்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல. சென்னையில் நிலவியல் படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் விரிவுரையாளன் ஆனேன்.

அறுபதுகளின் பின்பாதி. மேற்கே ஓர் அணைக்கட்டின் அருகில் நிலம் நடுங்கி, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மாண்ட செய்தி வந்திருந்த சமயம். தக்காணத்துப் பாறை மிகப் பழைய பாறை, அது அசையாது என்றுதான் அதுவரை நாங்கள் பாடம் நடத்தி வந்தோம். பாறை எங்கள் வகுப்புக்கு வரவில்லை போலும்.

தக்காணம் அசையுமானால் எங்கள் ஊர் நிலம் எப்போதாவது அசைந்திருக்குமா? கல்வெட்டில் இல்லை, செப்பேட்டில் இல்லை. அப்படியானால் எதைப் படிப்பது? ஆற்றைப் படிக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆறு தன் பழைய வீட்டை இடிப்பதில்லை. காலி செய்துவிட்டு இறங்கிப் போகிறது. ஒரு காலத்தில் உயர்ந்த மட்டத்தில் ஓடி, கூழாங்கல்லும் மணலும் வண்டலும் பரப்பித் தரையைச் சமமாக்கிக்கொள்ளும். பிறகு அதே தரையை அறுத்துக்கொண்டு தாழ்வான மட்டத்துக்குப் போகும். கைவிட்ட தரை, கரையோரம் படிபோல உயர்ந்து நிற்கும். அதற்கு ஆற்றுப்படித்தளம் என்று பெயர். பாலாற்றில் தண்ணீரைத் தவிர எல்லாம் உண்டு, படித்தளமும் உண்டு.

அதனால் ஆவதென்ன என்று வாசகர் கேட்கலாம். படித்தளம் என்பது ஆறு தானே இழுத்து வைத்த மட்டக்கோடு. கடலை நோக்கிப் போகப் போக அது சீராகத் தாழ வேண்டும். எங்கேனும் ஓரிடத்தில் திடீரென்று தொடையளவு இறங்கி, அப்பால் மீண்டும் சீராகச் சென்றால், இறக்கியது ஆறு அல்ல. ஆறு அதை விட்டுப் போன பிறகு, அடியில் நிலம் பிளந்து ஒரு பக்கம் கீழே போயிருக்கிறது. நிலம் அவ்வாறு ஒரே மூச்சில் இறங்குவதைத்தான் நிலநடுக்கம் என்கிறோம்.

எழுதி வைக்க ஆளில்லாத காலத்து நடுக்கத்தையும் ஆற்றின் படி எழுதி வைத்திருக்கிறது. படிக்க ஆள் வேண்டும். நான் இருந்தேன்.

சந்திரனை அனுசரித்த ஆராய்ச்சி

மட்டம் பார்க்கும் கருவியைக் கல்லூரி இரவல் தந்தது. எதிர்முனையில் அளவுகோலைப் பிடித்து நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் என் அக்காள் கணவர் ஏகாம்பரம். எனக்கு மாமா, நெசவாளர் வீட்டுமனைச் சங்கத்துக்குத் தலைவர். வெற்றிலை போடாத நேரத்தில் மட்டும் பேசுவார். ஆகவே குறைவாகவே பேசுவார்.

காஞ்சிபுரத்தில் தறிக்கு விடுமுறை அமாவாசை அன்றுதான். எனவே என் ஆராய்ச்சி மாதம் ஒருமுறை நடந்தது. சந்திரனை அனுசரித்து நடந்த நிலவியல் ஆய்வு உலகில் வேறொன்று இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"மாமா, கோலை நேராகப் பிடியுங்கள்."

"நேராத்தான் புடிச்சிக்கினு இருக்கேன் மச்சான். ஒன் கண்ணாடிதான் கோணலா இருக்குது."

முள்வேலியும் வேர்க்கடலைக் கொல்லையுமாக அந்த மேட்டை அமாவாசை அமாவாசையாக அளந்து வந்தோம். ஒரு மார்கழியில், பனி இன்னும் புல்லில் இருக்கையில், அந்த இறக்கம் அகப்பட்டது. மேற்கே சீராக வந்த தளம் ஓரிடத்தில் தொடையளவு இறங்கி, கிழக்கே மறுபடியும் சீராகச் சென்றது. மறுகரைக்குப் போனோம். அங்கும் அதே கோட்டின் நீட்சியில் அதே இறக்கம்.

நான் விளக்கியதை மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"பொடவையில ஒடம்பும் கரையும் சேர்ற எடத்துல கோர்வை பிசகிட்டா, கட்டம் இந்தப் பக்கம் மேல நிக்கும், அந்தப் பக்கம் கீழ நிக்கும். அதானே நீ சொல்றது?"

"அதேதான்."

"அப்ப பூமாதேவிக்குப் பொடவை நெஞ்சவன் எவனோ தூங்கிக்கினே நெஞ்சிருக்கான்பா."

உவமை பொருத்தமானது. ஆயினும் ஆராய்ச்சிக் கட்டுரையில் அதைச் சேர்க்க இயலவில்லை.

செங்கற்சூளை

கட்டுரையைக் கல்லூரியில் படித்தேன். படித்து முடித்ததும் என் சக விரிவுரையாளர் ஒருவர் எழுந்தார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்கு நான் புகழ் தேடித் தர வேண்டிய அவசியமில்லை.

"இது செங்கற்சூளைக்காரன் மண் வெட்டின பள்ளம் சார்," என்றார்.

"இரண்டு கரையிலுமா?"

"ஏன், அக்கரையில யாரும் வீடு கட்ட மாட்டாங்களா?"

அறை சிரித்தது. மறுநாள் என் வகுப்புக் கரும்பலகையில், புகை கக்கும் சூளை ஒன்றைச் சித்திரத் திறன் வாய்ந்த மாணவன் எவனோ வரைந்திருந்தான். அந்த வாரமே எனக்குப் பெயர் அமைந்துவிட்டது: சூளை சார். பட்டம் பெற எனக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. இதற்கு ஆறு நாள்கூட ஆகவில்லை.

இதற்கு மறுமொழி வாயால் சொல்லத் தக்கதன்று, மண்வெட்டியால் சொல்லத் தக்கது. மேல்மண்ணை மனிதன் வெட்டலாம். ஆறு அடியில் பரப்பிய கூழாங்கல் அடுக்கு எங்கும் ஒரே வரியாகக் கிடக்கும். அதை எந்தச் சூளைக்காரனும் தொடையளவு இறக்கி வைத்துவிட்டு மேலே மண்ணை மூட முடியாது. அந்த இறக்கத்தின் குறுக்கே ஒரு குழி வெட்டி, அடியிலுள்ள வரியும் ஒடிந்து அதே அளவு இறங்கியிருக்கக் கண்டால் தீர்ந்தது வழக்கு.

குழி வெட்ட ஆள் கேட்டேன். கல்லூரி ஒரு தோட்டக்காரரைத் தர ஒப்புக்கொண்டது. அவர் விடுப்பில் இருந்தார்.

வீட்டுக்கு முன் குழி

குழி, வேறு வழியாக வந்தது.

எங்கள் ஊர் நெசவாளர் தரையில் அமர்ந்து, கால்களைத் தறிக்குழிக்குள் தொங்கவிட்டு மிதிபலகையை மிதித்து நெய்பவர்கள். ஊருக்குள் தாழ்ந்த தெருக்களில் வாடகைக்கு இருந்தவர்களின் வீடுகளில் ஐப்பசி பிறந்தால் குழி கிணறாகிவிடும். குழியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும்; தறி நின்றால் உலை நிற்கும். தண்ணீர் ஏறாத மேட்டில் சொந்த மனை என்பது அந்தக் குடும்பங்களின் நெடுநாள் கனவு.

மாமாவின் சங்கம் கடைசியில் நிலம் வாங்கியது. தண்ணீர் ஏறாத மேடு வேறெங்கே இருக்கும்? ஆறே காலி செய்துவிட்டுப் போன படித்தளம்தான். நான் அளந்த அதே மேடு.

எங்கள் மக்கள் புது மனையில் முதலில் சுவர் எழுப்புவதில்லை. நல்ல நாள் பார்த்துத் தறிக்குழி தோண்டி மஞ்சள் நீர் தெளிப்பார்கள். ஒரு மழையாவது பெய்து, குழி ஊறவில்லை என்று தெரிந்த பிறகே அதைச் சுற்றி வீடு எழும்பும். ஆகவே ஒரு தை மாதத்தில், ஆற்றுப்படித்தளம் நெடுகிலும் வரிசை வரிசையாகக் குழிகள் ஒரே நாளில் தோண்டப்பட்டன. இப்படியொரு பாக்கியம் மேல்நாட்டு அறிஞர் எவருக்கும் வாய்த்திராது.

நான் குழி குழியாக இறங்கி ஏறினேன். மனையடி சாஸ்திரம் பார்க்க வந்தவன் என்று எண்ணிச் சிலர் மோர் கொடுத்தார்கள். நான் திருத்தவில்லை, மோர் நன்றாக இருந்தது.

அந்த இறக்கத்தின் மேலேயே அமைந்த மனை ஒன்றுதான்; கோட்டின் மற்ற நீளத்தில் அப்போது மனை பிரித்திருக்கவில்லை. சீட்டுக் குலுக்கலில் அது என் அக்காள் விசாலாட்சிக்கு விழுந்திருந்தது. சரிவு மனையானதால் மேல்புறம் மார்பளவு வெட்ட வேண்டியிருந்தது.

இறங்கினேன். ஈர மண்ணின் குளிர்ச்சி சட்டையைத் தாண்டி முதுகில் ஏறியது. கண்ணெதிரே, பழுப்பு வண்டலுக்கு நடுவில், கொட்டைப்பாக்கு அளவு முதல் கொழுக்கட்டை அளவு வரையிலான கூழாங்கற்கள் ஒரு வரியாக ஓடின. விரலை வைத்துத் தொடர்ந்தேன். சுவரின் நடுவில் விரல் வெறும் வண்டலில் முட்டியது. வரி இல்லை. கீழே பார்த்தேன். தொடையளவு கீழே, அதே கற்கள், அதே வரி, ஒன்றுமே நடவாததுபோல் தொடர்ந்து சென்றது.

"இன்னாடா குழிக்குள்ள நின்னுக்கினு சிரிக்கிற?" என்று மேலிருந்து அக்காளின் குரல் கேட்டது.

"அக்கா, உன் மனையில் நிலநடுக்கம் இருக்கிறது."

"பூரான் இருக்குதான்னு பாரு மொதல்ல."

பேராசிரியர் வந்து பார்க்கும்வரை குழியை மூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கண்டு எழுதினால் மறுப்பதற்கு ஆள் கிடையாது. சூளை அணைந்துவிடும்.

கேள்வி நேரம்

இடைப்பட்ட நாளில் ஊர் வாசகசாலையார் என்னைச் சொற்பொழிவுக்கு அழைத்தார்கள். 'பாலாற்றின் படிகளும் பண்டை நிலநடுக்கமும்' என்ற பொருளில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் பேசினேன். கூட்டம் அசையாமல் கேட்டது. அசையாமல் என்பதற்கு உறக்கம் ஒரு பகுதிக் காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கேள்வி நேரத்தில் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

"அடுத்தது எப்ப சார் ஆடும்? தேதி சொன்னா சேலை பேல் கட்டி அனுப்பிடலாம்," என்றார் ஒரு ஜவுளி வியாபாரி.

தேதி சொல்ல முடியாது என்றேன். சோதிடர் ஒருவர் எழுந்து தம்மால் முடியும் என்றார். கைதட்டல் அவருக்குக் கிடைத்தது.

அறிவுள்ள கேள்வி ஒன்றே ஒன்று வந்தது. கோயில் தர்மகர்த்தா ஒருவர் கேட்டார்: "எங்க கோபுரம் எத்தனையோ நூறு வருஷமா நேரா நிக்குதே. அப்ப ஆட்டம் எங்க வந்தது?" கோபுரத்துக்கும் முந்தியது, ஊருக்கும் முந்தியது என்று விடையளித்தேன். "நமக்கு முன்னாடின்னா நமக்கென்ன?" என்று அமர்ந்தார்.

விஷயம் அத்துடன் நின்றிருந்தால் நன்று. ஒரு செய்தித்தாள் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி போட்டது. அணைக்கட்டுச் செய்தியால் அரண்டிருந்த ஓர் அதிகாரி மாமாவை அழைத்து, பேராசிரியர் போன்ற ஒருவர் பிளவு உண்டென்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த மேட்டில் வீடு கட்டும் அனுமதி நிற்கும் என்று சொல்லி அனுப்பினார்.

மாமா என்னிடம் வந்தபோது நடுப்பகல். வெற்றிலை போட்டிருக்கவில்லை. அதிலிருந்தே விஷயம் பெரிது என்று உணர்ந்தேன்.

"மச்சான், அந்தப் பெரியவர வர வாணாம்னு சொல்லிடு."

"நாள் குறித்தாயிற்று மாமா."

"அவுரு வந்து பாத்து ஆமான்னு எழுதிட்டா, அம்மாம் குடும்பமும் திரும்ப ஊறுற குழிக்குள்ள காலை வுட்டுக்கினு ஒக்காரணும்."

"அவர் வராவிட்டால் நான் சாகும்வரை சூளை சார்."

"கூப்ட்டா கூப்ட்டுட்டுப் போறான். ஒடம்புல சூடா படுது?"

"உண்மை என்று ஒன்று இருக்கிறது."

"இருக்கட்டும்பா, யாரு வாணாம்னா? மண்ணுக்குள்ளயே இருக்கட்டும். இத்தினி நாளு பேஜார் இல்லாம இருந்துச்சே."

நான் அசைந்து கொடுக்கவில்லை. மாமா தரையைக் காட்டிக் கேட்டார்.

"அது மறுபடி ஆடுமா?"

"ஒருமுறை அசைந்த பிளவு மீண்டும் அசையலாம். அதற்குள் ஆயிரம் ஆண்டு கடக்கலாம். அதற்கு மேலும் கடக்கலாம்."

"ஆடினா அம்மாம் வூடும் போயிடுமா?"

"கோட்டின் மேலேயே இருக்கும் வீடு இரண்டாகும். மற்றவை உறுதியாகக் கட்டியிருந்தால் நிற்க வழியுண்டு."

"கோட்டுமேல மட்டும்," என்றார் மாமா. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். சுருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

என் உறுதியைக் கண்டு ஒப்புக்கொண்டார் என்று நான் முடிவு செய்தேன்.

தெருக்குத்து

இப்போது அம்பாசிடர் காருக்குத் திரும்பலாம்.

நெசவாளர் குடியிருப்பு எதுவானாலும் அதில் நீண்ட, நேரான, வெற்றுத் தெரு ஒன்று வேண்டும். விடிந்ததும் பாவு நூலை அந்த நீளத்துக்கு விரித்துப் பிடித்து, இழைகளைச் சீராக்கி, அறுந்ததை முடிந்துகொள்வார்கள். அதில் எவரும் வீடு கட்ட முடியாது. பாவுத் தெருவை இன்ன இடத்தில் என்று ஒதுக்குவது சங்கத் தலைவரின் அதிகாரம்.

மாமா அதை ஒதுக்கிய இடம், நான் மார்கழியில் கண்டறிந்த கோடு. அதே கோடு, ஒரு விரற்கடை பிசகாமல். அந்தக் கோட்டில் அடிக்கு அடி அளவுகோலை ஊன்றி நின்றவர் அவர்தாமே!

நேராக வரும் தெரு ஒரு மனையில் போய் முட்டினால் அது தெருக்குத்து. அந்த மனையில் மனிதர் குடியிருக்கலாகாது, பிள்ளையாரை வைக்க வேண்டும் என்பது ஊரறிந்த வழக்கம். பாவுத் தெரு முட்டியது என் அக்காளின் மனையில். குழியை ஆற்றுமணலால் நிரப்பி, கருங்கல் பாவி, சிமெண்டு பூசி, அமாவாசைக்கு அடுத்து வந்த வளர்பிறைக்குள் பிள்ளையாரை எழுந்தருளச் செய்துவிட்டார்கள். பிள்ளையார் எங்கிருந்து வந்தார் என்று நான் விசாரிக்கவில்லை. தாமல் பக்கமிருந்து மாட்டுவண்டியில், வைக்கோலுக்குள் வந்ததாகச் சொன்னார்கள். திருடிக் கொணர்ந்த பிள்ளையாருக்கே சக்தி அதிகம் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

"இதைச் சற்று நகர்த்த முடியுமா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"நகத்தலாம் ஐயா," என்றார் மாமா, கை கட்டிக்கொண்டு. "யாரு நகத்துறது?"

பேராசிரியர் சுற்றிலும் பார்த்தார். குடும்பம் குடும்பமாக நின்றிருந்தார்கள். எவரும் முறைக்கவில்லை. எல்லாரும் பக்தியுடன் நின்றிருந்தார்கள். அது முறைப்பதைவிட மோசம். அவர் மேட்டைப் பார்த்தார், இறக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு விபூதி வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு, சுண்டல் பொட்டலத்துடன் காரில் ஏறினார்.

"படித்தளம் இறங்கியிருப்பது உண்மை," என்றார் கண்ணாடியை இறக்கி. "ஆனால் காணாத குழியைப் பற்றி நான் எழுத முடியாது. கண்டதை எழுதுவதென்றால் தோத்திரம்தான் எழுத வேண்டும்."

கார் போன புழுதி அடங்கியது. மாமா அருகில் வந்தார்.

"கோச்சிக்காத மச்சான். பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா கும்பாபிஷேகம் பண்ணியே ஆவணும். புள்ளையாரைத் தூக்கிப் பாலாலயத்துல வெச்சிட்டு அடியெல்லாம் சீர் பண்ணுவோம். அன்னிக்கு எறங்கி எம்மாம் நேரம் ஓணும்னாலும் பாரு."

"பன்னிரண்டு ஆண்டா?"

"ஏம்பா, நீதானே சொன்ன, பூமி ஒருதரம் அசைஞ்சிட்டு ஆயிரம் வருசம் தூங்கும்னு? ஒன் கணக்குல பன்னெண்டு வருசம் இன்னா, ஒரு வெத்தல போடுற நேரம்."

அப்போது அக்காள் குறுக்கிட்டாள். "ஒங்க ரெண்டு பேரு கெட்டிக்காரத்தனத்துக்கும் எடையில என் வூடு போச்சு. புள்ளையாராவது நல்லா குடித்தனம் பண்ணட்டும்."

ஆம். எல்லாரும் மேட்டுக்குக் குடியேறினார்கள். தலைவரும் தலைவர் மனைவியும் ஊருக்குள் பழைய வாடகை வீட்டிலேயே இருந்தார்கள். ஐப்பசிதோறும் மாமா தகரக் குவளையால் குழித் தண்ணீரை இறைத்துவிட்டுத் தறியில் அமர்ந்தார். மனையைத் தெய்வத்துக்குத் தந்த தியாகி என்று ஊர் அவரை மெச்சியது. அவர் உண்மையில் எதை மறைக்க, எதைக் காக்கத் தந்தார் என்பதை அறிந்தவர்கள் மூவர். மூவரில் ஒருத்தி, அன்றுமுதல் எனக்குத் தந்த காபியில் சர்க்கரை போடவில்லை.

இடம் கண்டவர்

சன்னிதியில் கல் ஒன்று பதித்தார்கள். 'இடம் உபயம்' என்று அக்காள், மாமா பெயர்கள். அவற்றுக்குக் கீழே 'இடம் கண்டவர்' என்று, பட்டத்துடன், என் பெயர். என்னைக் கேட்காமல் பொறித்தது. அது கேலியா மரியாதையா என்று மாமாவிடம் கேட்டேன். "கல்லுல கேலி பண்ணுவாங்களாப்பா?" என்றார்.

அதன்பின் ஐயம்பேட்டையிலிருந்தும் முசரவாக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து, கிணறு வெட்ட இடம் கண்டு சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். ஒருவர் காணாமற்போன எருமையைப் பற்றிக் கேட்டார்.

கல்லூரியிலோ, நான் சூளை சாராகவே தொடர்ந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு செய்தி படித்தேன். நிலம் அடிக்கடி நடுங்கும் மேல்நாட்டுப் பகுதி ஒன்றில், உயிருள்ள பிளவுக்கோட்டின் மேல் எவரும் வீடு கட்டலாகாது, இடைவெளி விட்டே கட்ட வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்களாம். மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அங்க தெரு குத்தினா யாரை வெப்பாங்க?" என்று கேட்டார். இதை நான் அவருக்குச் செய்யும் பாராட்டாக எவரும் கொள்ள வேண்டாம். நடந்ததை எழுதுகிறேன்.

பாலாலயம்

எழுபதுகள் முடியும் தறுவாயில் பிள்ளையார் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

ஊர் என்னைப் பார்த்தது. நடுக்கமில்லை, நிரப்பிய ஆற்றுமணல் மழைக்கு மழை அமிழ்ந்துவிட்டது என்று விளக்கினேன். சிறிது ஏமாந்துதான் போனார்கள். எப்படியும் கும்பாபிஷேகத்துக்கு ஆண்டு நிறைந்திருந்தது. பிள்ளையாரைப் பாலாலயத்துக்கு மாற்றி, மணலை முழுதும் அள்ளிவிட்டு அடியிலிருந்து கல் கட்டுவதென்று தீர்மானித்தார்கள்.

சென்னைப் பேராசிரியர் அதற்குள் காலமாகிவிட்டார். ஆயினும் படம் பொய் சொல்லாதல்லவா? ஊர் ஸ்டூடியோக்காரரை அழைத்துச் சென்றேன்.

மாமா வாக்குத் தவறவில்லை. "மச்சான் எறங்கட்டும், யாரும் கிட்ட போவாதீங்க," என்று ஆட்களை விலக்கினார். இறங்கினேன். காய்ந்த மணல் உதிர்ந்த சுவரில் அத்தனை ஆண்டுகளாக எதுவும் மாறவில்லை. கூழாங்கல் வரி வந்தது, ஒடிந்தது, தொடையளவு இறங்கியது, சென்றது. விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல்தான் கிழடாகியிருந்தது.

நல்ல நேரம் முடிவதற்குள் கல் இறக்க வேண்டும் என்று குருக்கள் அவசரப்படுத்தினார். மணல் அள்ளியதையும் மஞ்சள் நீர் தெளித்ததையும் மாமா சொல்லி எடுத்ததில் பிலிம் தீர்ந்து ஒரே ஒரு படத்துக்குத்தான் மிச்சமிருந்தது. ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்து, "ரெடி சார்," என்றார். நான் மேலே ஏறி விலகினேன்.

அந்த இமைப்பொழுதில், பிள்ளையாருக்கு அன்றாடம் பூசை செய்யும் பூசாரி குழிக்குள் குதித்தார். அத்தனை வருஷம் சாமி இருந்த மண், வெறும் நெற்றியுடன் படமெடுக்கலாமா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. குழைத்த விபூதியில் கையைத் தோய்த்து, சுவரின் நடுவில், சாண் இடைவெளி விட்டு, கையகல அகலத்தில் மூன்று பட்டைகள் இழுத்தார். நடுவில் குங்குமம். ஆள் நகர்ந்ததும் ஸ்டூடியோக்காரர் பித்தானை அழுத்திவிட்டார். அடுத்த கணம் கருங்கல் இறங்கியது.

"அடுத்த கும்பாபிஷேகத்துக்கு ரெண்டு ரோலு வாங்கி வெச்சிக்கோ மச்சான்," என்றார் மாமா. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அதற்குள் இருமல் வந்துவிட்டிருந்தது. ஈர வீட்டு இருமல்.

படத்தை ஓர் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினேன். முக்கியமான பகுதி மறைந்திருப்பதாகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். பெயர் சொல்லத் தகாத அந்தச் சக விரிவுரையாளரிடமும் காட்டினேன். "சூளைக்கு விபூதி பூசியிருக்காங்க," என்றார்.

இப்பகுதியுடன் வெளிவரும் படம் அதுதான். ஆசிரியர் வெட்டாமல், முழு அளவில் வெளியிட இசைந்திருக்கிறார். வாசகர்கள் விபூதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பின், அமைதியாக அதன் இரு ஓரங்களையும் நோக்க வேண்டுகிறேன். மூன்று பட்டைகளும் நேராக இருக்கின்றன. பூசாரிக்கு நல்ல கை. இடப்புறம் பாருங்கள்: கூழாங்கல் வரி முதல் பட்டைக்குள் நுழைகிறது. இப்போது வலப்புறம்: அதே வரி மூன்றாம் பட்டையிலிருந்து வெளிவருகிறது.

சூளைக்காரன் எவனாவது இப்படி வெட்டுவானா?